இவ்வளவு ஆணி எதற்கு?

பிரிட்டனின் பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்டவர்கள், பின்னால் அதைக் கழற்றப்போகிறவர்களை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தார்களா? மேல்துணியைப் பட்டை பட்டையாக அறுத்துச் சுருட்டிவிடலாம், சரி, ஆனால் அடியிலுள்ள பஞ்சு தூள்தூளாக உதிர்கிறது, அதைப் பலகையோடு பிணைத்த ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினால் பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. சுவரோரம் முழுக்க, கார்ப்பெட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கக் கூராணிகள் பதித்த மரப்பட்டை வேறு! கையுறையையே கிழிக்கிறது. அப்புறம் தூசி, அது எத்தனை வருடத் தூசியோ. அதற்கும் கீழே பழைய தரை ஓடு தெரிந்தால் நெஞ்சு பதறுகிறது. பிரிட்டனில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து) முழுமையாகத் தடைசெய்யப்பட்டதே 1999இல்தான்; ஓட்டிலும் அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் இருக்கலாம், பரிசோதிக்காமல் சுரண்டவும் கூடாது. மாடிப்படியிலோ ஒவ்வொரு படிக்கும் இதே கூத்து. ஒரு துணியைத் தரையில் விரிக்க இத்தனை ஆணியும் பின்னும் பசையும் எதற்கய்யா?