பழையபடி ஆவதற்குப் பழைய வாழ்க்கை எங்கே இருந்தது?

"சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று 19 வயதில் என்னிடம் சொன்னவர்கள் அனைவரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஆறு மாதங்கள் கீமோ எடுத்து முடித்திருந்த எனக்கு, அவர்கள் சொல்லும் அந்தப் "பழையபடி" எது என்பதுதான் விளங்கவில்லை. நடுத்தர வயதில் நோயிலிருந்து மீள்பவருக்குத் திரும்பிப் போக ஒரு வேலையும் ஒரு குடும்பமும், தான் யார் என்ற தெளிவும் பெரும்பாலும் இருக்கும். எனக்கோ அவற்றில் எதுவும் அதுவரை உருவாகியே இருக்கவில்லை. வகுப்புக்குத் திரும்பியபோது உடன் படித்தவர்கள் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். புதிய வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் முடி குட்டையாக வளர்ந்த, சீக்கிரம் களைத்துப்போகிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரையிலானவர்களை வளரிளம் மற்றும் இளம் பருவ நோயாளிகள் என்று தனியே பிரித்துப் பார்க்கிறது. ஆயினும் பல மருத்துவமனைகளில் அவர்கள் சிறு குழந்தைகளுக்கான வார்டிலோ முதியவர்களுக்கு நடுவிலோதான் படுத்திருக்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகு அந்த இடமும் இல்லாமல் போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தத்தைப் பரிசோதித்து, நம்மைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும்போதுதான் உண்மையான பயம் தொடங்குகிறது. 32 வயதில் புற்றுநோய்க்கு ஆளான மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், மீண்டு வாழும் காலத்தை மூன்று பருவங்களாகப் பிரித்து 1985ஆம் ஆண்டிலேயே எழுதினார். சிகிச்சை முடிந்ததும் தொடங்கும் இரண்டாவது பருவத்தை, நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சமே ஆள்கிறது என்பது அவருடைய கணிப்பு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் உறங்காமல் கிடந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அச்சம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. உடல் வாங்கிக்கொண்ட மருந்தின் கணக்கு குறைவதில்லை. 28 வயதில் வேறு ஏதோ உபாதைக்காகப் பார்த்த மருத்துவர் ஒருவர், "டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏற்றினார்கள்?" என்று என் கீமோ மருந்துகளில் ஒன்றைப் பற்றிக் கேட்டார். சிவப்பு நிறத்தில் இருந்த மருந்து என்பதைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. பல வாரங்கள் அலைந்து பழைய கோப்பைத் தேடி எடுத்தபோது, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் என்று அதில் இருந்தது. 250 மில்லிகிராமைத் தொட்டாலே பிற்காலத்தில் இதயத் தசை பலவீனமாகும் அபாயம் அதிகம் என்பதால் குறிப்பிட்ட இடைவெளிகளில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை, மருந்தை ஏற்றி 9 ஆண்டுகள் கழித்து நான் தெரிந்துகொண்டேன். நல்லவேளையாக எக்கோவில் குறை ஏதும் இல்லை. ஆனால் மார்பில் கதிர்வீச்சுப் பெற்ற இளம்பெண்களுக்கு வழக்கத்தைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் பெற்றவர்கள் செவித்திறனைக் கவனிக்க வேண்டும். தமக்கு எது தரப்பட்டது என்றே அறியாதவர்கள் இவற்றை எப்படிக் கேட்டு வாங்குவார்கள்?

கருவளம் பற்றி எழுதவே எனக்குக் கோபம் வருகிறது. சிகிச்சை கருவளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்கும் வழியைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். அந்த வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று பெரியவர்கள் கூச்சப்பட்டு மௌனம் காக்கும் சில நாட்களுக்குள் அந்த வாய்ப்பு கடந்துபோய்விடுகிறது. பிறகு திருமணப் பேச்சு வரும்போது, எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்ற பாரம் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது. காப்பீட்டிலும் இதே நிலைதான். பிரான்ஸ் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் நோயின்றிக் கடந்தவர்கள் கடன் காப்பீட்டுக்காகத் தங்கள் புற்றுநோயைத் தெரிவிக்கத் தேவையில்லை என்று ஆக்கியிருக்கிறது. இது எல்லா நாடுகளிலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை ஒரு காரியத்தை நாமே செய்யலாம். பெற்ற மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பாய்ச்சிய இடம், இனி எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அடங்கிய சிகிச்சைச் சுருக்கம் ஒன்றைச் சிகிச்சையின் கடைசி நாளன்று, புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு முன்பாகவே கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டாமல் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். 10 ஆண்டுகள் கழித்து ஏதோ ஓர் ஊரில், முன்பின் அறியாத ஒரு மருத்துவர் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.