அந்த ‘அதனால்’ எனக்குப் பிடிக்கவில்லை

நண்பர் ஒருவர் தன் ஆளுமை வகையை நான்கு எழுத்தில் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: “நான் உள்முக வகை, அதனால் கூட்டங்களில் பேசுவது எனக்கு வராது.” அந்த ‘அதனால்’ இரண்டு நாளாக மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

உள்முகம் (தனக்குள் ஒதுங்குவது), வெளிமுகம் (பிறரோடு கலந்து பழகுவது) என்ற பேச்சைப் பரவலாக்கியவர் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யூங். அவருடைய நூல் 1921-இல் வந்தது. அதைப் படித்துவிட்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் ஒரு கேள்வித்தாள் சோதனை வைத்து மனிதர்களை 16 வகைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்து; நண்பர் அனுப்பியது அதில் ஒன்று. இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்லர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்களைக் கூர்ந்து கவனித்தவர்கள் அவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உயரத்தைப் போலத்தான் குணமும். பெரும்பாலோர் நடுவில் நிற்கிறோம். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தால், கோட்டுக்கு அருகே நிற்பவர் அடுத்த மாதம் அதே சோதனையை மறுபடி எழுதும்போது வேறு வகையாகிவிடுவார். பலருக்கு அப்படித்தான் ஆகிறது.

“ஆனால் எனக்கு அப்படியே பொருந்துகிறதே” என்பார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களிடம் ஒரு சோதனைத் தாளைக் கொடுத்து, பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உனக்கென்று எழுதியது’ என்று ஒரு குணக் குறிப்பைத் தந்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்குக்கு மேல். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதில் பெரும்பகுதி ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

அந்த 16 வகைச் சோதனையை வைத்து ஆள் எடுக்கக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. அப்படியும் எடுக்கிறார்கள். ஒருவருடைய பிழைப்பை நான்கு எழுத்து தீர்மானிப்பது அநியாயம்.

ஆய்வாளர்கள் இன்று அதிகம் நம்புவது ஐந்து குணங்களின் அளவை: புதியதை நாடுதல், பொறுப்புணர்வு, வெளிமுகம், இணக்கம், பதற்றம். இதில் பெட்டி கிடையாது. கூட, குறைய என்பதுதான் உண்டு. ஐந்தில் பதற்றத்தை மட்டும் எல்லோரும் நோயைப் போலப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், அப்பா மருத்துவமனையில் படுக்கும்வரை.

என் தங்கை எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். சேர்த்த அன்றே ஒரு கோடு போட்ட நோட்டில் மருந்தின் பெயர், கொடுத்த நேரம், காய்ச்சல் அளவு என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். “அதற்குத்தான் நர்ஸ் இருக்கிறாரே” என்று நான் சலித்துக்கொண்டேன். ஆறாம் நாள் இரவு, பணி மாறும் நேரத்தில், மாலையில் போட்ட ஊசியையே மறுபடி போட வந்தார்கள். தங்கை நோட்டை நீட்டினாள். வந்தவர் பார்த்துவிட்டு, பேசாமல் ஊசியைத் தட்டில் வைத்தார்.

அண்ணன் நேர் எதிர். இரண்டாம் நாளே லிஃப்ட் இயக்குபவர் முதல் ரத்தப் பரிசோதனை செய்பவர் வரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தம் வேண்டும் என்றபோது மாலைக்குள் மூன்று பேர் வந்து நின்றார்கள். எங்கள் இருவராலும் அது முடிந்திருக்காது. அதே அண்ணன்தான், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்ட நோயின் பெயரை, வராந்தாவில் நின்று உரக்கத் தொலைபேசியில் உறவினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரத்தம் கொண்டுவந்த வாயும் அதுதான், அப்பாவைத் தலைகுனிய வைத்த வாயும் அதுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிய வழியில்லை. எந்த நேரத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

இணக்கமானவர்களுக்கும் இதே கதைதான். எல்லோருக்கும் பிடித்தவர்கள்; ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாததால் ஊர் வேலையெல்லாம் அவர்கள் தலையில் விழும்.

நண்பருக்குப் பதில் எழுதினேன்: “பேச வராது என்று முடிவு கட்டாதீர்கள். சொல்ல வேண்டியதை முதல் நாளே எழுதி அனுப்புங்கள், கூட்டத்தில் அதை மட்டும் படியுங்கள்.” வகை மாற வேண்டியதில்லை, வழி மாறினால் போதும் என்பது என் எண்ணம். செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

தங்கையின் பதற்றம் வீட்டுக்கும் வந்தது. அப்பா தேறிய பிறகும் இரவில் இரண்டு முறை எழுந்து போய், மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். நான்கு மாதம். அப்பா அறையைத் தாழ்போட ஆரம்பித்தார். இவள் கதவுக்கு வெளியே தூங்காமல் நின்றாள். கடைசியில் அந்த நோட்டையே அப்பாவிடம் கொடுத்தோம். படுக்கும் முன்பும் எழுந்தவுடனும் ரத்த அழுத்தத்தை அவரே பார்த்து எழுதி, கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறார். விடிந்ததும் தங்கை முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறாள். போன வாரத்திலிருந்து அப்பா தாழ்போடுவதில்லை.