நார்வேஜியப் பெயர்ச்சொல்லுக்கு 'என்' மட்டும் போதாது

"நார்வேஜிய மொழியில் எந்தப் பெயர்ச்சொல்லோடும் 'என்' ஒட்டினால் 'அந்த' என்ற பொருள் வந்துவிடும், எழுதியபடியே வாசிக்கலாம்" என்ற குறிப்பு பரவுகிறது. இரண்டும் தவறு.

கார், 'பீல்', அந்தக் கார், 'பீலென்'. சரி. ஆனால் 'பூக்' (புத்தகம்) இலக்கணப்படி பெண்பால், 'பூகா' என்றும் ஆகும். 'ஹூஸ்' (வீடு) நடுப்பால். அதற்கு 'எட்' ஒட்டு. எழுத்தில் 'ட்' உண்டு, பேச்சில் கிடையாது. 'ஸ்' அடுத்த அசைக்கு நகர்ந்து 'ஹூ-ஸெ' என்றே ஒலிக்கும்.

இதைப் புறக்கணித்தால் காது குழம்பும். 'வேர்' (வானிலை) 'எட்' ஒட்டி 'அந்த வானிலை' ஆவதும், 'இருத்தல்' என்ற வினையும் பேச்சில் 'வே-ரெ' தான். கிழக்கு நார்வேயில் தொனிதான் (சொல்லின் குரல் ஏற்ற இறக்கம்) பிரித்துக் காட்டுகிறது: ஒட்டு சேர்ந்து ஈரசையானாலும் 'வேர்' ஓரசைச் சொல்லுக்குரிய தன் தொனியை விடுவதில்லை, வினையின் தொனி வேறு. தொடங்குபவர்கள் ஒவ்வொரு பெயரையும் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.