ஷாக் அப்சார்பரை இறுக்கினால் கிரிப் கூடுமா?

"ஷாக் அப்சார்பரை முழுசாக இறுக்கி வையுங்கள், டயர் ரோட்டைவிட்டு எழும்பவே எழும்பாது" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு. ஈர ரோட்டில் ஆபத்தும்கூட.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பிஸ்டன் நகரும்போது உள்ளே இருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது, அசைவு வெப்பமாகிறது. கரடுமுரடான ரோட்டில் ஓடிய பிறகு ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகான கம்ப்ரெஷனை மிதமிஞ்சி இறுக்கினால், சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டியையே தூக்கிவிடும். ஷாக் மறுபடி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை மிதமிஞ்சி இறுக்கினால் இன்னும் மோசம்: அடுத்தடுத்த பள்ளங்களில் ஸ்பிரிங் நீள நேரமில்லாமல் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் அமுங்கிப் போகும், கடைசியில் அசையவே இடமிருக்காது. தரையைத் தொடாத டயருக்கு ஏது கிரிப்?

பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பதும் சரியல்ல. சாதாரண ஸ்பிரிங்கில் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். சுமைக்கேற்ப முதலில் பிரீலோடைச் சரிசெய்யுங்கள். பிறகு கையேட்டில் உள்ள அளவிலிருந்து தொடங்கி, ஒரே ரோட்டில், ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் இரண்டு கிளிக் (திருகு நகரும் ஒரு படிதான் ஒரு கிளிக்) மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஆயில் கசியும் ஷாக்கை எந்தத் திருகும் காப்பாற்றாது. சர்வீஸ் செய்யவோ மாற்றவோதான் வேண்டும்.