கோட்டைக்குள் நடந்துகொண்டே ஒரு கூத்து

அக்கா மகன் வெளிநாட்டில் படிக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு பழைய நகரம். மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி ஒரு பெண் முன்னால் நடக்கிறாள், முப்பது நாற்பது பேர் அவள் பின்னால் போகிறார்கள். சந்து திரும்பினால் அந்த ஊர்க் கதையில் வரும் ஆள் ஒருவன் சுவரோரம் நிற்கிறான். பார்க்க வந்தவர் கையில் ஒரு கடிதத்தைத் திணித்து, ஒளித்து வைக்கச் சொல்கிறான். "சித்தி, இங்க டிக்கெட்டே கிடைக்கல, அவ்ளோ கூட்டம்" என்று எழுதியிருந்தான்.

பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அம்மா ஊரில் பீமன் வந்த வண்டி.

செய்யாறு பக்கம் அம்மா ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகாசுரன் கதை வரும் அன்று, பீமன் வேஷக்காரர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். ஒவ்வொரு வீட்டிலும் சோறு, குழம்பு, வடை என்று கொண்டுவந்து வண்டியில் வைப்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பாட்டி என் கையில் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்து அனுப்பினாள். எனக்கு ஏழு வயது இருக்கும். அவர் குனிந்து வாங்கினார். முகத்தில் பூசிய அரிதாரம் வேர்வையில் கோடு கோடாக விரிந்திருந்தது, புஜக்கட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லில் என் முகம் தெரிந்தது. "அந்த அசுரன் உங்க ஊட்டாண்ட வரமாட்டான், நான் கீறேன்" என்றார். அன்று ராத்திரி நான் தைரியமாகத் தூங்கினேன். சுண்டல் கொடுத்த எனக்கும் அந்தச் சண்டையில் ஒரு பங்கு இருந்தது.

அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழத்தை வீசும்போது, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். துரியோதனன் சாகும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொது இடத்தில் கை கால் பரப்பிப் படுத்திருப்பான். பீமன், துரியோதனன் வேஷக்காரர்கள் அவனைச் சுற்றி ஓடுவார்கள், கூட்டமும் கூடவே ஓடும். முடிந்ததும் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய் நெல் குதிரில் போடுவார்கள். பார்ப்பவரையும் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் நாடகம் என்று இன்று உலகம் கொண்டாடுவதை, வட ஆற்காட்டு ஜனங்கள் தெருக்கூத்தாகப் பங்குனியிலும் சித்திரையிலும் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

இப்போது வேலூர்க் கோட்டைக்கு வருகிறேன். பார்க்க வருபவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தபடியே அங்கே ஒரு கூத்து நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

133 ஏக்கர். சுற்றிலும் அகழி. விஜயநகர ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது. நம்மில் எத்தனை பேர் சாயங்காலம் அங்கே போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, யானையும் காளையும் ஒரே தலையில் தெரியும் சிற்பத்தைக் குழந்தைக்குக் காட்டி, வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறோம்! நானும் அப்படித்தான். அந்தக் கல்தரையில் என்னென்ன நடந்தது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை.

1614ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர் வேங்கடபதி ராயர் இறந்துபோகிறார். அவர் அண்ணன் மகன் ஸ்ரீரங்கன் பட்டத்துக்கு வருகிறான். வேறொருவனைப் பட்டத்தில் வைக்க நினைத்த ஜக்கராயன் கூட்டம் அவனையும் குடும்பத்தையும் இதே கோட்டையில் அடைத்து வைத்துக் கொன்றுபோடுகிறது. தப்பிய ஒரே பிள்ளை ராமதேவன். ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கர் ஏற்பாட்டில், துணி வெளுக்கும் ஒருவர் அழுக்குத் துணியோடு அந்தப் பையனைக் கோட்டையை விட்டு வெளியே கொண்டுபோனார் என்கிறார்கள். காவல்காரன் மூட்டையைத் தொட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தொழிலாளியின் பெயர் கூட வரலாற்றில் நிற்கவில்லை. அவர் நடந்த கோட்டைக்குத்தான் நாம் தினமும் போய் வருகிறோம்.

1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, எல்லோருக்கும் பாடத்தில் தெரியும், நான்கு மதிப்பெண் கேள்வியாக. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று சிப்பாய்களுக்குக் கம்பெனி அதிகாரிகளின் உத்தரவு. மறுத்தவர்களில் இருவருக்குச் சவுக்கடி. முந்தின நாள், கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில், திப்புவின் மகளுக்குக் கல்யாணம். நள்ளிரவு தாண்டித் துப்பாக்கி வெடிக்கிறது. விடிந்தபோது கோட்டை மேல் திப்புவின் கொடி. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் கதை தலைகீழாகிறது. நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். செத்த சிப்பாய்கள் மொத்தம் சுமார் 350 பேர். இதைச் சொல்பவர்கள் இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும்: ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த வெள்ளைக்கார நோயாளிகளும் அந்த இரவில் கொல்லப்பட்டார்கள். பார்க்க வருபவரின் நெஞ்சு கனக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்து ரத்தமும் அந்த நடையில் வர வேண்டும்.

கண்டியின் கடைசி ராஜா இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அடக்கமாகியிருக்கிறார். அதுவே தனி ஒரு இரவுக்கான கதை. அப்புறம் 1981. பல தலைமுறையாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயிலுக்குச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்த நாள். அன்று கூட்டத்தில் நின்றவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு நடிகரே வேண்டாம், அந்தப் பெரியவர்களே வந்து பேசட்டும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்லும் பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனசு வலித்திருக்கிறது.

ஒலி ஒளிக் காட்சி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், ஸ்பீக்கரில் ஒரு கம்பீரக் குரல் பேசியது, சுவர் சிவப்பானது, நீலமானது. பக்கத்தில் இருந்த பையன் பத்தாவது நிமிடம் போனை எடுத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை, அவனை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு ஆகும் செலவில் ஒரு கூத்துக் குழுவுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கலாம் என்று தோன்றியது. புரிசை முதல் எத்தனை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடுபவர்கள் இருக்கிறார்கள்! கோயில் திருவிழா முடிந்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடும் தொண்டை அவர்களுடையது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் என்பது எனக்குத் தெரியும். கல்லில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது, கோயிலின் கல்யாண மண்டபத் தூண் பக்கம் தீப்பந்தம் போகக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், கூத்துக்கு இவை எதுவுமே வேண்டாம். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரை, முகவீணை, மத்தளம், ஆர்மோனியம் போதும். ஒரு நடைக்கு ஐம்பது பேர், அவர்களைக் கூட்டிக்கொண்டு போக, கூத்தில் கதை சொல்லிக் கேலியும் பேசும் கட்டியங்காரன். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். கட்டுக்கதையைக் கட்டுக்கதை என்றும், நடந்ததை நடந்தது என்றும் கட்டியங்காரன் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் இருக்கிறது என்ற பேச்சையும் விட வேண்டாம், ஊர்ப் பேச்சாகவே சொல்லட்டும்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த ஒரு கூத்து வாத்தியாரிடம் சொன்னேன். அறுபது தாண்டியவர். "குந்தும்மா" என்றார். ராமதேவன் கதையை முழுதாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் தொடையில் தாளம் போட்டது.

"மூட்டையத் தூக்கினு அவரு வாசலாண்ட வர்றப்போ பாட்டு இருக்கக் கூடாது. மத்தளத்த நிறுத்திப்புடணும். ஜனங்கதான் காவக்காரங்க, அவங்க நடுவுலதான் அவரு போவணும். ஒருத்தராவது மூட்டையத் தொடுவாங்க இல்ல, அப்ப உள்ள இருக்கிற புள்ள தும்மணும்."

பேரனைக் கூப்பிட்டு உள்ளே இருந்த ஒரு பழைய வேட்டியை எடுத்துவரச் சொன்னார், மூட்டை எவ்வளவு பெரிதாக வரும் என்று பார்ப்பதற்கு.