ஏப்ரல் வந்தாச்சு, காது போச்சு

நியூஜெர்சில ஜன்னலைத் திறந்து வைக்கிற நாளுக்குத்தான் நவம்பர்லேந்து ஏங்கிக் கெடக்கறோம், திறந்த உடனே என்ன கேக்குது? குருவிச் சத்தமா? லீஃப் ப்ளோயர், அதான் சருகை ஊதித் தள்ளற மெஷின்! பக்கத்து வீடு முடிஞ்சா எதிர் வீடு, அது முடிஞ்சா பின்னாடி தெரு, சனிக்கிழமை காலைல கூட விடமாட்டேங்கறாங்க. டவுன்ஷிப் நியூஸ்லெட்டர்ல ஈஸ்டர் எக் ஹன்ட், லிட்டில் லீக் பேஸ்பால், டேஃபடில் போட்டோன்னு பக்கம் பக்கமா வருது, இதைப் பத்தி ஒரு வரி வருதா?

சத்தம் மட்டும்னா கூட சகிச்சுக்கலாம். அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலும் ஆயிலும் எரிஞ்சும் எரியாமலும் அப்படியே வெளில வருது, ஒரு மணி நேரம் ஓட்டினா ஒரு கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டின அளவுக்குக் காத்தைக் கெடுக்குதுன்னு கலிஃபோர்னியாவோட காத்து மாசைக் கட்டுப்படுத்தற அமைப்பான ஏர் ரிசோர்சஸ் போர்டே சொல்லியிருக்கு. ஏற்கனவே மகரந்தத்துல கண்ணு எரிஞ்சு மூக்கடைச்சுக் கெடக்கற குழந்தைங்க மேல தூசியையும் கெளப்பி விடணுமா? அதை முதுகுல மாட்டிக்கிட்டு நாள் பூரா அந்தப் புகையையே இழுக்கற வேலையாளுங்க பாவம், அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல, அவங்க காதுக்கு சத்தத்தைத் தடுக்கற ஒரு மூடி கூட வாங்கிக் குடுக்காத முதலாளிங்க மேலதான். அந்தச் சருகுக்கு அடியிலதான் குளிர்காலம் பூரா பட்டாம்பூச்சிக் கூடும் மின்மினிப் புழுவும் இருக்கு, எல்லாத்தையும் ஊதித் தள்ளிட்டு ஜூலைல மின்மினியக் காணோமேம்பாங்க!

வாஷிங்டன் டிசில 2022லேயே பெட்ரோல் ப்ளோயரைத் தடை பண்ணிட்டாங்க. எங்க டவுனுக்கு மட்டும் என்ன கேடு? சருகு வாரற ரேக்கை எடுத்து வாரினா கை ஒடிஞ்சுடுமா?