சாப்பிடுதே, அப்புறம் என்ன வலி?

"பூனை வாய் நாறத்தான் செய்யும், மீன் தின்கிற ஜென்மம்தானே" என்று இந்த மும்பையில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். மீன் வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடும். எந்நேரமும் அழுகல் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் ஈறிலோ பல்லிலோதான் கோளாறு. சில சமயம் சிறுநீரகத்திலும் இருக்கலாம்.

இதைவிட எனக்கு ஆறாதது அடுத்த வாதம்: "நல்லாத்தானே சாப்பிடுது, அப்புறம் என்ன வலி?"

தாராவி 90 அடி சாலைப் பக்கம் தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஓர் அக்காவோடு நின்றிருந்தேன். சாம்பல் நிறப் பூனை ஒன்று வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி வந்து மீன் துண்டைக் கவ்வியது. தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மென்றது. திடீரென்று துண்டைக் கீழே போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சீறியது. முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டது. மறுபடி வந்து மெல்லாமலே விழுங்கியது. "பாரு தங்கச்சி, பசி தாங்காம கோவிக்குது" என்றார். "பசி இல்லைக்கா, பல் வலி" என்றேன். வாய் எவ்வளவு வலித்தாலும் வயிறு விடாது. தட்டு காலியாவதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். நமக்கு வருவது போன்ற சொத்தை அதற்கு வருவதில்லை என்றே சொல்லலாம், வருவது வேறு. பல்லில் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து இறுகிக் காரையாகிவிடும். ஈறு சிவந்து வீங்கும்போதே கவனித்தால் சரியாகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அது திரும்பாது. இன்னொரு நோயில் பல்லே கரைந்துபோகிறது. பூனைகளுக்கு இது சர்வ சாதாரணமாக வரும், காரணம் இன்னும் பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுத்தால்தான் வேரின் நிலை தெரியும், பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். "ஐயோ பாவம்" என்று பதறாதீர்கள். வலி போன பிறகு, பல் இல்லாவிட்டாலும் பூனை நிம்மதியாகச் சாப்பிடும்.

மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். வெளியே தெரியும் மஞ்சள் போகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பல் வெள்ளையாகிவிட்டது என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம், அதுதான் பெரிய ஆபத்து. மயக்க மருந்து பற்றிய பயம் நியாயமானது. அதற்குத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை.

வீட்டில் குட்டியிலிருந்தே விரலால் ஈறைத் தொட்டுத் தொட்டுப் பழக்கினால் பிரஷ்ஷுக்கும் பழகிவிடும். பூனைக்கென்று விற்கும் பேஸ்ட்தான் வேண்டும். அதற்குத் துப்பத் தெரியாது, நம் பேஸ்ட் வயிற்றுக்குள் போய்விடும். சாதாரண உலர் தீனியே பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பாதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

தெருப் பூனைக்கு யார் பல் தேய்ப்பது என்று கேட்பீர்கள். சரி, யாராலும் முடியாது. ஆனால் கருத்தடைக்குக் கொண்டுபோகிறோமே, அப்போது எப்படியும் மயக்கத்தில்தானே இருக்கும்? பரேல் விலங்கு மருத்துவமனையோ பக்கத்துக் கிளினிக்கோ, எங்கே போனாலும் "டாக்டர், அப்படியே வாயையும் ஒரு தடவை திறந்து பாருங்க" என்று கேட்டுவிடுங்கள்.